தலையில் பட்ட ஹோம் ரன்

2025 மே 31, சனி

காலையில் பாடத்துக்கு வந்த பெடியன் ரவுண்டபவுட்டின் நடுத்திட்டிலேயே காரை ஏற்றிவிட்டான். கேட்டால், "சேர், அது சின்னனாத்தானே கிடந்தது" என்கிறான். சின்னன் என்றால் மேலே ஏறலாமா? தோர்ண்டன் ஹீத்தில் கார் ஓட்டப் பழக்குகிறவனுக்குப் பொறுமைக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பின்னேரம் கௌசி ஒரு செய்தியோடு வந்தாள். அவளுக்கும் வருணுக்கும் விருப்பம் என்பது எனக்கும் மனைவி சுவர்ணாவுக்கும் போன தீபாவளியிலிருந்தே தெரியும். இரண்டு பேரும் பேஸ்போல் விளையாடுகிறவர்கள். என் மகள் குரொய்டன் பக்கத்து அணி, அவன் ஹரோ பக்கத்து அணி. எதிரெதிராக விளையாடித்தான் பழக்கமானார்கள். யாழ்ப்பாணத்துப் பெட்டையையும் தமிழ்நாட்டுப் பெடியனையும் லண்டனில் ஒரு அமெரிக்க விளையாட்டு சேர்த்து வைத்திருக்கிறது. நான் மறுப்புச் சொல்லவில்லை. நல்ல பெடியன். கண்ணாடி பார்த்து ரிவர்ஸ் எடுக்கிறான்.

அவனுடைய தாய் தகப்பன் ஜூன் 29ஆம் திகதி முறைப்படி வீட்டுக்கு வருகிறார்கள். தகப்பன் டொக்டர், பெயர் முருகேசன். தாய் பாமா. ரெய்னர்ஸ் லேனில் வீடு. அதற்கு முதல், அடுத்த ஞாயிறு இரண்டு அணிகளும் குடும்பங்களோடு பார்க்கில் கூடுகின்றனவாம். "கஷுவலா மீற் பண்ணுங்கோ அப்பா. நோ பிறெஷர்."

"கஷுவல் எண்டா என்னத்தை உடுக்கிறது?" என்று சுவர்ணா கேட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

எழுத ஏலாது. தலை.

ஜூன் 9, திங்கள்

எல்லாப் பாடங்களையும் ரத்துச் செய்தாயிற்று. உறைந்த பட்டாணிப் பையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். ஏனென்றால் வெளியில் வேறு கதை ஓடத் தொடங்கிவிட்டது.

பார்க்கில் பிள்ளைகளின் ஆட்டம் முடிந்த பிறகு குடும்பங்களுக்கு ஒரு ஆட்டம் வைத்தார்கள். கௌசியின் அணியில் ஒரு ஆள் குறைவு. "அப்பா, நீங்கள் சும்மா பின்னுக்குப் போய் நில்லுங்கோ, அங்கை பந்தே வராது" என்றாள். கையில் தோல் உறை ஒன்றை மாட்டிவிட்டாள். எனக்குப் பின்னால் இடுப்பளவில் செம்மஞ்சள் வலைவேலி. அதற்கு அப்பால் போனால் ஹோம் ரன், நம்முடைய சிக்ஸர் மாதிரி.

எதிரணிக்கு அடிக்க ஒரு மீசைக்காரர் வந்தார். மட்டையால் தரையைத் தட்டித் தட்டி, கிரிக்கெற் ஆடுகிறவரைப் போலக் குனிந்து நின்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்தான் டொக்டர் முருகேசன். அப்போது அவரோடு நான் வணக்கம் மட்டுமே சொல்லியிருந்தேன்.

பந்து எழுந்தது. உயர உயர எழுந்து நேராக என் பக்கமே வந்தது. நான் ஊரில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெற் காத்தவன். உயரத்தில் வந்த பந்தை விட்டதில்லை. "விடுங்கோ, என்ர!" என்று கத்திக்கொண்டு பின்னுக்கு ஓடினேன். வெயிலுக்குள் பந்து காணாமல் போனது. பிறகு கிடைத்தது.

என் தலையில் பட்டுத் தெறித்து வேலிக்கு அப்பால் போய் விழுந்ததாம். நடுவராக நின்ற கனடாக்காரி ஒரு விரலை உயர்த்திச் சுழற்றிக் காட்டினாளாம். அப்படிச் சுழற்றினால் ஹோம் ரன். நான் கண் திறந்தபோது என்னைச் சுற்றி ஒரு ஊரே நின்றது. மிகக் கிட்ட ஒரு மீசை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அவரும் கூடவே வந்தார். கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். "தலை என் டிபார்ட்மென்ட் இல்ல சார். தலையில இருக்கிற ஓட்டைங்கதான்" என்றார். காது மூக்குத் தொண்டை டொக்டராம். தேத்தண்ணி வாங்கித் தந்தார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் மெல்லக் குனிந்து கேட்டார்:

"தப்பா நினைக்காதீங்க சார். பந்து வெளியதானே விழுந்துச்சு?"

வருண் பக்கத்திலிருந்து விளக்கம் சொன்னான். ஹோம் ரன்னில் எத்தனையோ வகை உண்டாம். ஓடித் தொட வேண்டிய மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்கும்போது அடிப்பது ஒரு வகை. பந்து வேலியைத் தாண்டாமலே, எதிரணி அதைத் தேடி எடுத்து எறிவதற்குள் முழுச் சுற்றும் ஓடி வருவது இன்னும் அரிது. தனி, இரண்டு, மூன்று, நாலு ஓட்டம் என்று நாலு விதமான ஹோம் ரன்னையும் ஒரே ஆட்டத்தில் ஒருவரே அடிப்பது அமெரிக்காவின் பெரிய லீக்கில் இன்றுவரை நடக்கவில்லையாம்.

"ஆனா அங்கிள், தலையில பட்டுப் போறது... முப்பது வருஷம் முன்னாடி அமெரிக்கால ஒரு பெரிய மேட்ச்ல நடந்துச்சு. இன்னும் அதைப் போட்டுக் காட்டி சிரிக்கிறாங்க."

முருகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஊசி போட்டபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு அக்கறை இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

கௌசியின் அணியில் விளையாடும் மேனுஷா ஆட்டத்தை வீடியோப் படம் பிடித்திருக்கிறாள். அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை யாரோ வெட்டிப் பரப்பிவிட்டார்கள். பந்து, தலை, வேலி, சிரிப்பு. அவ்வளவுதான். இன்று பாடத்துக்கு வந்த பெட்டை காரில் ஏறி பெல்ட் போட்டுவிட்டுக் கேட்டாள்: "சேர், நீங்கள் பின்னுக்குப் போகேக்கை பிளைண்ட் ஸ்பொட் பாக்கேல்லையோ?" கண்ணாடியில் தெரியாத அந்த மூலையைத் திரும்பிப் பார்க்க அவளுக்குப் பழக்கியதே நான்தான்.

ஜூன் 14, சனி

கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள்தானே அந்தத் தலை?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

முருகேசன் தன் ஆஸ்பத்திரியில் கேக் வெட்டியிருக்கிறார். கேக்கின் மேல் மட்டை, பந்து. வருண் சிரித்துக்கொண்டு படம் காட்டினான். ஈரோட்டில் இருக்கும் அண்ணன்மாருக்கும் கோயம்புத்தூர் மச்சானுக்கும் தொலைபேசியில் கதை போயிருக்கிறதாம். கதை இப்படித்தான் போகிறதாம்: "அடிச்சேன். பறந்துச்சு. வழியில ஒருத்தர் தலை இருந்துச்சு."

வழியில் ஒருவர் தலை!

நான் நிதானமாக யோசித்தேன். என் தலை அங்கே இல்லாவிட்டால் அந்தப் பந்து வேலிக்கு உள்ளேதான் விழுந்திருக்கும். அவர் ஆட்டமிழந்திருப்பார், அல்லது ஒரு பேஸ், மிஞ்சினால் இரண்டு பேஸ். அதை வேலிக்கு அப்பால் அனுப்பியது யார்? அப்படியென்றால் அந்த ஹோம் ரன்னில் பாதியாவது என்னுடையது. இது நியாயமில்லையா? சுவர்ணாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஸ்கேனைத் திருப்பி ஒருக்கா எடுத்துப் பாப்பமோ?"

ஜூன் 29, ஞாயிறு

எழுதவே வெட்கமாகக் கிடக்கு. ஆனாலும் எழுதுறன்.

வந்தார்கள். பழத்தட்டு, பூ, பட்டுச்சேலை. பாமா அருமையான மனுசி. வந்ததும் வராததுமாகச் சுவர்ணாவோடு குசினிக்குள் போய்விட்டா. டிசம்பரில் நிச்சயதார்த்தம், மண்டபம் ஹரோவில், சாப்பாடு எங்கள் பக்கம் என்று எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. சாதகம் பார்ப்பதில்லை என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னோம். நான் மனதுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தபோது முருகேசன் ஒரு பார்சலை எடுத்தார்.

"உங்க வீட்டுக்கு ஒரு சின்ன கிஃப்ட் சார்."

பிரித்தேன். பொன் நிறச் சட்டம் போட்ட படம். பெரிது. பந்து என் தலையைத் தொடும் அந்தக் கணம். என் கண் மூடியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. கை உறை ஏதோ தேங்காய்க்கு ஏந்தியது போல வேறு பக்கம் நீட்டியிருக்கிறது. கீழே பொன்னெழுத்தில்: ஹோம் ரன் – டாக்டர் முருகேசன்.

"இதில என்ர பேர் எங்கை?" என்று கேட்டன். அமைதியாகத்தான் கேட்டன்.

"உங்க படமே இருக்கே சார்."

"டொக்டர், என்ர தலை இல்லாட்டி அது பிடி."

"கையை வெச்சிருந்தா பிடி சார். நீங்க தலையை வெச்சீங்க."

"நான் வைக்கேல்லை, அது வந்து பட்டது!"

"அப்போ அடிச்சது நான்தானே?"

"நீங்கள் அடிச்ச அடிக்கு அது பாதி வழியில செத்திருக்கும். உயிர் குடுத்தது என்ர மண்டை!"

அவர் என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துச் சொன்னாரோ, குத்திச் சொன்னாரோ, இதுவரை விளங்கவில்லை. "டென்ஷன் ஆகாதீங்க சார், உங்க தலையில ஒண்ணும் இல்லைன்னு ஸ்கேன்லயே வந்துடுச்சு" என்றார்.

நான் எழும்பி நின்றேன். அவரும் எழும்பினார். படத்தை நான் அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் கையில் கொடுத்தார். நான் கொடுத்தேன். பாமா குசினி வாசலில் வடைத்தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில் அவர் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். பாமா பின்னால் ஓடினா. வடை அப்படியே இருக்கிறது.

கௌசி ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டே வசனம் சொன்னாள். இரண்டையும் எழுதப்போவதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கௌசி என்னோடு கதைப்பதில்லை. சுவர்ணா கதைக்கிறாள். அதுதான் கூடப் பயமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

வருண் வரவில்லை. கௌசி காலை எழுந்து விளையாடப் போகாமல் கட்டிலிலேயே கிடந்தாள். நான் கதவடியில் நின்று, "பிள்ளை, கோப்பி வேணுமோ?" என்றேன். "நோ தாங்க்ஸ்" என்றாள். வேற்று ஆளுக்குச் சொல்வது மாதிரி.

மனம் கேட்கவில்லை. ஆனால் மனம் கேட்காதவன் என்ன செய்ய வேண்டும்? மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பேஸ்போல் சட்டப்புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். வீதிச் சட்டம் சொல்லிக் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். எந்தச் சண்டையிலும் முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கிற வியாதி எனக்கு உண்டு.

பந்து நிலத்தில் ஒருதரம் பட்டு வேலி தாண்டினால் ஹோம் ரன் இல்லை, இரண்டு பேஸ்தான். கோட்டுக்கு வெளிப்பக்கமாகத் தெறித்துப் போனாலும் இரண்டு பேஸ்தான். எனக்கு மூச்சு வந்தது. மேனுஷாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வெட்டாத முழுப்படத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

"ஏன் அங்கிள்?"

"ஒரு நினைவுக்குத்தான் பிள்ளை."

ஜூலை 10, வியாழன்

மத்தியானப் பாடம் ரத்து. காரை ஒரு ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன்.

பந்து நிலத்தில் படவில்லை. கோட்டுக்கு உள்பக்கமாகத்தான் போகிறது. நல்ல சுத்தமான ஹோம் ரன். சரி, போகட்டும் என்று நிறுத்தப் போனேன். விரல் நிறுத்தவில்லை. படம் தொடர்ந்து ஓடியது.

நான் விழுந்து கிடக்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். இரண்டு அணியும் சிரிக்கிறது. கௌசி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சுவர்ணா, ஓம், சுவர்ணாவும்தான், புல்லில் இருந்தபடி தொடையில் தட்டிச் சிரிக்கிறாள். நான் விழுந்தது அவ்வளவு பகிடியாகத்தான் இருக்கிறது. அவர்களில் பிழை இல்லை.

முருகேசன் முதல் பேஸைத் தொட்டு இரண்டாவதுக்கு ஓடுகிறார். பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவர் கிரிக்கெற் மாதிரி கையில் மட்டையோடு ஓடுகிறார். இரண்டாவதைத் தொட்டுத் திரும்பும்போது என்னைப் பார்க்கிறார். நின்றுவிடுகிறார்.

பிறகு மூன்றாவதுக்கு ஓடவில்லை. நேரே என்னை நோக்கி ஓடி வருகிறார். மட்டையை ஓங்கிக்கொண்டு ஒருவர் மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வருவதைப் பார்த்தால் என்னை அடித்துக் கொல்ல வருகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். வந்து, மட்டையை எறிந்துவிட்டு, முழங்காலில் விழுகிறார். கழுத்தில் விரல் வைக்கிறார். என் முகத்தில் வெயில் படாமல் தன் முதுகை வளைத்து மறைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துக் கத்துகிறார். சத்தம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் சிரிப்பு நிற்கிறது.

அந்தப் பார்க்கில் சிரிக்காமல் நின்ற ஒரே ஆள்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும், இப்போதுதான் படித்தேன். வேலியைத் தாண்டினாலும் அடித்தவர் மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான ஹோமுக்குத் திரும்பி வந்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் ஓட்டம் இல்லை. முருகேசன் முடிக்கவில்லை. நாங்கள் நடுவரிடம் முறைப்பட்டிருந்தால் அந்த ஹோம் ரன் அன்றைக்கே போயிருக்கும்.

நான் வென்றுவிட்டேன்.

காரை எடுக்க ஏலாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன்.

ஜூலை 12, சனி

சுவர்ணாவுக்கு நேற்றுப் படத்தைக் காட்டினேன். தான் சிரிக்கிற இடத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும், "இப்ப என்ன செய்யப் போறியள்?" என்றாள். "தெரியாது" என்றேன். "தெரியாட்டியும் போங்கோ" என்றாள்.

போனேன். கூரையில் எல் போர்ட் வைத்த என் காரை ரெய்னர்ஸ் லேனில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பாமா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் ஒரு கணம் மூடுவதா விடுவதா என்று யோசித்தா. முருகேசன் பின்வளவில் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை.

"டொக்டர், உங்கட ஹோம் ரன் முடியேல்லை."

"இன்னும் அதையா சார் விடலை நீங்க?"

தொலைபேசியை நீட்டினேன். பார்த்தார். தான் குறுக்கே ஓடுகிற இடத்தில் அவருடைய புருவம் சுருங்கியது. நான் சட்டத்தைச் சொன்னேன்.

"சிக்ஸர் போயாச்சுன்னா எதுக்கு சார் ஓடணும்?"

"இது கிரிக்கெற் இல்லை டொக்டர். ஓட வேணும்."

குழாயிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றது தொண்டையும் காதும் வெட்டித் தைக்கிற பெரிய டொக்டர். ஆனால் குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

"அப்போ... அது இல்லையா?"

"இல்லையெண்டு ஆர் சொன்னது? இன்னும் ரெண்டு பேஸ் கிடக்கு. வாங்கோ."

அவர் குழாயை மூடிவிட்டு வந்து காரில் ஏறினார். வடமேற்கு லண்டனிலிருந்து குரொய்டன்வரை ஒரு பழகுனர் கார், இரண்டு தகப்பன்மார். ஒரு சந்தியில் நான் கொஞ்சம் வேகமாகத் திருப்ப, அவர் தன் பக்கத்துப் பிரேக்கை அமத்திவிட்டார். மாணவர்கள் ஓட்டும்போது நான் அமத்துவதற்காக வைத்திருக்கிற இரண்டாவது பிரேக் அது. "சாரி சார், கால் பட்டுடுச்சு."

பார்க்கில் மழை. ஒரு சனம் இல்லை. பேஸ்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டிருந்தார்கள், மண்ணில் அடையாளம் மட்டும் கிடந்தது. பார்க்கிங் பழக்க நான் வைத்திருக்கும் செம்மஞ்சள் கூம்பு ஒன்றை மூன்றாவதில் வைத்தேன். கார்க் கம்பளம் ஒன்றை எடுத்து வந்து ஹோமில் விரித்தேன். அவரை இரண்டாவதில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இஞ்சை இருந்துதான் விட்டனீங்கள்."

"ஆமா. இங்கதான்."

"ஓடுங்கோ."

ஓடினார். வீட்டுச் செருப்போடு, இடுப்பில் கட்டிய சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவசரத்தில் சாரத்தோடேயே அவரைக் கூட்டி வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். கூம்பைத் தொடும்போது வழுக்கி ஒரு முழங்கால் சேற்றில் புதைந்தது. எழும்பி, ஒற்றைச் செருப்போடு வந்து, கம்பளத்தின் மேல் இரண்டு காலாலும் குதித்தார். நான் அந்தக் கனடாக்காரியைப் போல ஒரு விரலை உயர்த்திச் சுழற்றினேன். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரி எங்களைப் பார்த்து நின்று, என்னவென்று விளங்காமலே கை தட்டினாள்.

உலகத்தில் இதைவிட நீண்ட ஹோம் ரன் ஏதும் இருக்கிறதா தெரியாது. ஐந்து கிழமை ஓடியது.

காருக்குள் நனைந்தபடி இருந்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாதி உங்களோடதுதான் சார்" என்றார்.

"சீச்சீ. முழுக்க உங்கடைதான்."

"இல்ல சார், தலை இல்லாம ஏது?"

"அடி இல்லாமல் தலை என்னத்துக்கு?"

"நான் சொல்றதைக் கேளுங்க..."

"நீங்கள் கேளுங்கோ..."

திரும்பவும் சண்டை. வீடுவரைக்கும். சுவர்ணா கதவைத் திறந்து இரண்டு பேரையும், சேற்றையும், சாரத்தையும் பார்த்தாள். துவாய் எடுத்து வந்தாள். மாடிப்படியில் கௌசி நின்றாள். இறங்கி வரவில்லை. ஆனால் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

முருகேசனை இப்போது சம்மந்தி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் "சம்பந்தி" என்று எழுத்தைத் திருத்தமாக உச்சரிக்கிறார். பிள்ளைகளின் ஆட்டம் பார்க்கப் போகப் போக, எங்களையும் ஒரு அணியில் சேர்த்துவிட்டார்கள். வயது போனவர்களும் புதிதாகப் பழகுகிறவர்களும் விளையாடுகிற அணி. முழுக் கோடையிலும் நாங்கள் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. சம்மந்தி இன்னும் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுகிறார். நான் ஹெல்மெற் போடுகிறேன். அது பந்தடிக்கிறவருக்குரியது, பின்னால் நிற்பவருக்கு வேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். போடுகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வருணுக்குச் சிங்கப்பூரில் வேலை. கௌசிக்குப் போக விருப்பம் இல்லை. அவனுக்கு நிற்க விருப்பம் இல்லை. இரண்டு பேரும் கதைத்து, நல்லபடியாகப் பிரிந்துவிட்டார்களாம். நல்லபடியாக. அப்படி ஒரு சொல் இதற்கு உண்டா?

கௌசி மேசையில் இருந்து, கையைக் கட்டிக்கொண்டு, அழாமல் சொன்னாள். சுவர்ணா எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நான் என்ன சொல்ல வேண்டும்? வாயில் வந்ததுதான் வந்தது.

"எங்கட சண்டையாலயோ பிள்ளை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, எல்லாமே உங்கட தலையைப் பற்றினது இல்லை."

மண்டபத்துக்குச் சொல்லி ரத்துச் செய்ய வேண்டும். முருகேசனுக்குத் தொலைபேசி எடுக்க நினைத்தேன். எடுத்து என்ன சொல்லுவன்? அவரும் எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சம்மந்தியாக வர இருந்து வராமல் போனவருக்குத் தமிழில் என்ன சொல்? ஒன்றும் இல்லை.

2026 ஜனவரி 15, வியாழன்

முருகேசனிடமிருந்து பொங்கல் வாழ்த்து. கரும்பும் பானையும் உள்ள படம், சொல் ஒன்றும் இல்லை. நானும் ஒரு படம் அனுப்பினேன். என்னுடையதிலும் கரும்புதான்.

மார்ச் 22, ஞாயிறு

எடுத்தார். தொலைபேசியில் முருகேசன் பெயரைக் கண்டதும் குசினிக்குள் இருந்து தோட்டத்துக்குப் போய்ப் பேசினேன். ஏன் போனேன் என்று தெரியாது.

"சார்... எப்படி இருக்கீங்க?"

திரும்பவும் சார். சரி.

"இருக்கிறம் டொக்டர். பாமா சுகமோ?"

கொஞ்ச நேரம் காலநிலை. கொஞ்ச நேரம் முழங்கால் வலி. வருண் நலமாக இருக்கிறானாம், சமைக்கப் பழகியிருக்கிறானாம். கௌசி நலம் என்றேன், அவளுக்கு வேலையில் உயர்வு கிடைத்திருக்கிறது என்றேன். எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

"நம்ம டீம்ல கேட்டாங்க சார். இந்த வருஷம் வர்றோமா, இல்லையான்னு. நான் கேட்டுச் சொல்றேன்னேன்." பிறகு அவசரமாக, "உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாம். நான் சும்மா தனியா..."

"தனியப் போய் என்ன செய்யப் போறியள்? பந்தைப் பிடிக்க ஆள் வேண்டாமோ?"

"பிடிக்கவா சார்?" என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

முதல் ஆட்டம். தோல்வி. ஒருவரும் ஹோம் ரன் அடிக்கவில்லை, எந்த வகையிலும்.

புள்ளி எழுதுகிற வெள்ளைக்காரர் புதியவர். மைதானத்தில் பழைய பழக்கத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைக் கேட்டு, இரண்டு பேரின் பெயரையும் 'சம்மந்தி' என்றே பதிந்துவிட்டார். அது பெயர் இல்லை, உறவு என்று நான் விளக்கினேன். என்ன உறவு என்று கேட்டார். நான் முருகேசனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மை பால், ஹிஸ் ஹெட்" என்றார் முருகேசன்.

வெள்ளைக்காரர் விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு, எழுதியதை அப்படியே விட்டார்.

முருகேசன் என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கியபோது மழை பிடித்துவிட்டது. "உள்ளை வந்திட்டுப் போங்கோ" என்றேன். தயங்கினார். கௌசி வீட்டில் நிற்பது அவருக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் அவள்தான். அந்த முறிவுக்குப் பிறகு அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டது இன்றுதான். வாசலில் மூன்று பேரும் கொஞ்ச நேரம் நனைந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வாங்கோ அங்கிள்" என்றாள் கௌசி. "சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

மீன்குழம்பும் புட்டும். அவர் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். கௌசி வருணைப் பற்றிக் கேட்டாள், சாதாரணமாக. அவர் சொன்னார், சாதாரணமாக. போகும்போது வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டியபடி, "அடுத்த ஞாயிறு பாமாவும் வர்றேங்கிறா" என்றார்.

சுவர்ணா கணக்குப் பார்க்கிறாள். மேசையைச் சுற்றி நாலு கதிரைதான். ஐந்தாவதை நாளைக்கு மேலறையிலிருந்து இறக்க வேண்டும்.